13 டிகிரிக்குக் கீழே ஆர்க்கிட்டை வெளியே விடலாமா?

மார்க்கம் மணி:
நேற்று வேறொரு இழையில் ஸ்காபரோ அக்கா எழுதியது: “ரொறன்ரோவில் இரவு 13 டிகிரிக்குக் கீழே போன அன்றே வெளியே இருக்கிற ஓர்கிட் எல்லாம் உள்ளே வந்துவிட வேண்டும். ஒரு இரவு தவறினாலும் செடி போச்சு.” படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. புதிதாக வளர்க்கிறவர்கள் இதை நம்பிவிடுவார்கள். என் வீட்டுப் பின்புற டெக்கில் 11 தொட்டி சிம்பிடியம் (குளிர் தாங்கும் ஆர்க்கிட் வகை) இருக்கிறது. செப்டம்பர் முழுக்க வெளியேதான். 13 என்ன, 6 வரை தாங்கியிருக்கிறது. போன ஜனவரியில் நாலு தொட்டியில் 9 பூந்தண்டு. கோடை முடிகிற நேரத்தில் இரவுக் குளிர் பட்டால்தான் அதற்குத் தண்டே கிளம்பும். 13 என்று பயந்து தூக்கி உள்ளே வைத்தால் வருடம் முழுக்க இலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஸ்காபரோ அக்கா:
தம்பி, நான் வாய்க்கு வந்ததை எழுதவில்லை. ஒரு வருசம் செப்டம்பர் கடைசியில் இரவு 9க்குப் போனது, மழையும் பெய்தது. பால்கனியில் ஃபலனாப்சிஸ் என்கிற ஓர்கிட் வகையில் 5 தொட்டி. மூன்றில் இலை நீர் கோத்த மாதிரி ஆகி, ஒரு கிழமைக்குள் குருத்து அழுகிப் போனது. அதில் ஒன்று என் மகள் பிறந்த வருசம் வாங்கியது. அன்றிலிருந்து எனக்கு 13 என்றால் 13தான்.

மார்க்கம் மணி:
குருத்தில் மழைத்தண்ணீர் நின்று அழுகியதற்குக் குளிரைப் பழி சொல்கிறீர்கள். அந்த 13 எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்கப் புத்தகங்களில் 55 ஃபாரன்ஹீட் என்று போடுவார்கள். மாற்றினால் 12.8. யாரோ அதை 13 ஆக்கினார்கள், நீங்கள் அதைச் சட்டம் ஆக்கிவிட்டீர்கள்.

புதுத்தொட்டி:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் டென்ட்ரோபியம் நோபிலி ஒன்றும் வாண்டா ஒன்றும் இருக்கின்றன. நீங்கள் சொல்லும் 13 இரண்டுக்கும் பொருந்துமா? எந்த ஆர்க்கிட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் சொன்னால் நன்றாக இருக்கும்.

குன்னூர்வாசி:
13ஐப் பார்த்து ஓடினால் நீலகிரியில் யாரும் சிம்பிடியம் வளர்க்கவே முடியாது சார். டிசம்பர், ஜனவரியில் இங்கே இரவு 10க்குக் கீழே போவது சாதாரணம். என் தொட்டிகள் வருடம் முழுக்க வராந்தாவில்தான். ஊட்டியில் புல் மேல் உறைபனி படிகிற நாட்களில் மட்டும் கூரைக்கு அடியில் நகர்த்துவார்கள்.

மார்க்கம் மணி:
கேட்டீர்களா அக்கா? வராந்தா. வருடம் முழுக்க. 10க்குக் கீழே.

ஸ்காபரோ அக்கா:
குன்னூரில் இரவு குளிர்ந்தாலும் பகலில் வெயில் அடித்துத் தொட்டி சூடாகிவிடும். இங்கே அக்டோபரில் நாள் முழுக்க 8 டிகிரியும் தூறலுமாக நிற்கும். அங்கே நடப்பதை இங்கே கொண்டுவந்து வைக்காதீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. ஹீட்டர் போட்ட பிறகு வீட்டுக்குள் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அக்டோபர் வரை வெளியே விட்டு, திடீரென்று அந்தக் காய்ந்த காற்றுக்குள் கொண்டுவந்தால் மொட்டெல்லாம் மஞ்சளாகி உதிரும். சன்னல் திறந்திருக்கிற செப்டம்பரிலேயே எடுத்துவிட்டால் செடி மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும். நான் 13 சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மார்க்கம் மணி:
ஈரப்பதத்தைப் பிறகு பார்க்கலாம். 13க்குக் கீழே ஒரு இரவு போனால் செடி போச்சு என்றீர்களா இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஜெர்சி சுந்தர்:
நண்பர்களே, யாருடைய 13? செல்போனில் வருகிற எண் உங்கள் தொட்டிக்குப் பக்கத்தில் அளந்தது அல்ல. என் பால்கனி 14வது மாடி. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் இரவில் சூட்டை விடும். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் காட்டும் வெப்பமானியைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். செல்போன் 12 காட்டுகிற இரவில் அங்கே 15 இருக்கும்.

மார்க்கம் மணி:
என் டெக்கிலும் வெப்பமானி இருக்கிறது சுந்தர். 6 என்று சொன்னது அதில் பார்த்துத்தான். செல்போனைப் பார்த்து வளர்க்கிறவன் நான் இல்லை.

ஜெர்சி சுந்தர்:
உங்களைச் சொல்லவில்லையே. ஏன் கோபப்படுகிறீர்கள்?

தமிழாசிரியன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அது ஓர்கிட் அல்ல, ஆர்க்கிட். இந்த இழையிலேயே இரண்டு விதமாக எழுதுகிறீர்கள்.

ஸ்காபரோ அக்கா:
யாழ்ப்பாணத்தில் ஓர்கிட் என்றுதான் எழுதிப் படித்தோம். உங்கள் ஊர் எழுத்துதான் தமிழா? நீங்கள் டொராண்டோ என்று எழுதும்போது நாங்கள் வந்து திருத்துகிறோமா?

தமிழாசிரியன்:
ஒலிக்கு நெருக்கமானது எது என்று மட்டுமே சொன்னேன்.

மார்க்கம் மணி:
ஐயா, எழுத்துச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பேச்சு 13.

ஸ்காபரோ அக்கா:
மணி தம்பிக்குத் தனி வீடு, டெக், சூடேற்றாத சன்ரூம். அக்டோபரில் டெக்கிலிருந்து சன்ரூமுக்கு நாலு எட்டு. அங்கே 10 டிகிரி, நல்ல வெளிச்சம், சிம்பிடியம் சந்தோசமாக நிற்கும். எங்களுக்கு ஒரு பால்கனி, அதை விட்டால் 22 டிகிரி ஹால். நடுவில் இடமே இல்லை. வசதி இருக்கிறவருக்குப் பூத்ததை எல்லோருக்கும் விதி ஆக்கக் கூடாது.

மார்க்கம் மணி:
விதி போட்டது நீங்கள். வசதியை ஏன் இழுக்கிறீர்கள்? வந்த புதிதில் நானும் அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில்தான் இருந்தேன். அப்போதும் ஒரு தொட்டி வைத்திருந்தேன். அதுவும் 13க்குக் கீழே நின்றதுதான்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். உள்ளே எடுக்கும் தேதியைப் பற்றி இத்தனை பேசுகிறோம், எப்படி எடுப்பது என்று யாரும் சொல்லவில்லை. தொட்டியை விளிம்பு வரை தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். எறும்பு, நத்தை, மரப்பேன் எல்லாம் மேலே வரும். இலைக்கு அடியிலும் இலைக் கக்கத்திலும் மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் இருக்கிறதா என்று ஒவ்வொரு இலையாகப் பாருங்கள். இருந்தால் 70 சதவீத ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடையுங்கள். இரண்டு வாரம் மற்றச் செடிகளோடு சேர்க்காதீர்கள். இதையெல்லாம் செய்யாமல் 13 வந்தது என்று அவசரமாக அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுகிறவர்கள் வீட்டில்தான் பூச்சி பரவுகிறது.

ஸ்காபரோ அக்கா:
செதில்பூச்சியைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்களா? இரண்டு வருசத்துக்கு முன் எனக்குக் கொடுத்த கறிவேப்பிலைக் கன்று நினைவிருக்கிறதா? தண்டு முழுக்கச் செதில். என் இரண்டு ஓர்கிட்டுக்கும் எலுமிச்சைக்கும் ஏறிவிட்டது. கொடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று அன்று வாய் திறக்கவில்லை.

மார்க்கம் மணி:
என் வீட்டை விட்டுப் போகும்போது கன்று சுத்தமாக இருந்தது. அதே தாய்ச்செடியிலிருந்து ஆறு பேருக்குக் கொடுத்தேன், ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. பேச்சில் நியாயம் இல்லாதபோது பழைய கணக்கை எடுக்கிறீர்கள்.

குன்னூர்வாசி:
கறிவேப்பிலைக்கு வேப்பெண்ணெய் தெளித்தால் போதுமே அக்கா.

ஸ்காபரோ அக்கா:
மூன்று மாதம் தெளித்தேன். எலுமிச்சை பிழைக்கவில்லை.

புதுத்தொட்டி:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. தேடிப் பார்த்ததில், நோபிலிக்கு இலையுதிர் காலத்தில் சில வாரம் 10, 12 டிகிரி இரவும் குறைந்த தண்ணீரும் வேண்டும், இல்லையென்றால் பூவுக்குப் பதில் குட்டிச் செடி முளைக்கும் என்று படித்தேன். வாண்டாவுக்கு 15க்குக் கீழே ஆகாது என்றும் இருக்கிறது. அப்படியானால் இருவர் சொல்வதும் வெவ்வேறு செடிக்கு அல்லவா?

மார்க்கம் மணி:
பாருங்கள், 10, 12. நான் சொன்னதுதான்.

ஸ்காபரோ அக்கா:
வாண்டாவுக்கு 15 என்று எழுதியிருக்கிறார், அதை மட்டும் படிக்கவில்லையா? நான் 13 என்றதே குறைவு போலிருக்கிறது.

ஜெர்சி சுந்தர்:
அந்த 15ஐ எங்கே வைத்து அளந்தார்கள்?

மார்க்கம் மணி:
இன்று இரவு இங்கே 8 என்கிறார்கள். என் 11 தொட்டியும் டெக்கில்தான். காலையில் வெப்பமானியோடு சேர்த்துப் படம் போடுகிறேன்.

ஸ்காபரோ அக்கா:
போடுங்கள். என்னுடைய கடைசித் தொட்டியையும் இப்போதுதான் உள்ளே எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.