பழைய மெதடிஸ்ட் கோயில் கட்டடங்கள்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

நடு வரிசை:

நானே ஆரம்பிக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். இங்கிலாந்து மெதடிஸ்ட்காரர்களின் வெஸ்லியன் மிஷன் கட்டிய கோயில், 1947 முதல் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. பிரதிஷ்டைப் பண்டிகைக்கு நினைவு மலர் போட வேண்டும், கட்டிய வருஷம் யாருக்கும் தெரியாது. கமிட்டியில் நான்தான் சின்னவன். ‘தம்பி பாத்துக்குவான்’ என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அந்த வாரம் கூரை மராமத்து. பாதி ஓட்டை இறக்கி முற்றத்தில் அடுக்கியிருந்தார்கள். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன், ஒரே பாசி. கட்டைவிரலால் தேய்க்கத் தேய்க்க எழுத்து வந்தது. ஆல்புகர்க் அண்டு சன்ஸ், மங்களூர், 1868. நான் போட்ட கூச்சலில் மேலே இருந்த ஆள் எட்டிப் பார்த்தார். செயலர் போட்டோ எடுத்தார். மறுவாரமே 1868 என்று வெட்டிய கருங்கல்லுக்குச் சொல்லியாகிவிட்டது.

சபையிலேயே வயதான ஆயா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆயிரத்து எண்ணூறா? எங்கப்பா கண்ணாலத்துக்கு முந்தி இந்தக் கோயிலுக்குச் சுண்ணாம்பு அரைச்சாரு. கடுக்காத் தண்ணி பட்டுப் பட்டுக் கையே கறுத்துப்போச்சும்பாரு” என்றார். நான் சிரித்துவிட்டேன். “அது ஏதாவது ரிப்பேர் வேலையா இருக்கும் ஆயா.” அவர் பதில் சொல்லவில்லை. மடியில் வைத்திருந்த ஓட்டை முந்தானையால் துடைத்து அடுக்கில் வைத்தார்.

கல் திறந்தாயிற்று, கைதட்டியாயிற்று. அப்புறம் ஒரு நாள் சித்தப்பாவின் மாமனார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் அதே ஓடு, அதே 1868. அந்தக் கொட்டகை போட்டதை நேரில் பார்த்தவர்களே அந்த வீட்டில் இருக்கிறார்கள். நான் திரும்பி வந்து சொல்வதற்குள் ஆயா போய்விட்டார்.

ஓட்டு வியாபாரி மகன்:

1868 அந்தக் கம்பெனி ஆரம்பித்த வருஷம் சார். வருஷக் கணக்கில் அதே அச்சைத்தான் போட்டார்கள். ஓட்டுத் தொழிற்சாலை நடத்திய சுவிஸ் மிஷன் ஒன்று உண்டு, பாசல் மிஷன். அவர்கள் ஓட்டில் 1865 என்று இருக்கும், அதுவும் அப்படித்தான். எங்கள் கிடங்கில் சின்ன வயதில் நானே ‘இது 1868-இல் செய்த ஓடு’ என்று சொல்லி அப்பாவிடம் கொட்டு வாங்கியிருக்கிறேன். வேறு கதை என்னிடம் இல்லை.

வட்டத் தடம்:

எங்கள் கோயிலில் பிரசங்க பீடம் நட்ட நடுவில் இருந்தது. உயரமான தேக்குப் பீடம், அதற்குக் கீழே திருவிருந்து மேசை. மெதடிஸ்ட்காரர்களுக்குப் பிரசங்கம்தான் பிரதானம், அதனால் நடு இடம் அதற்கு. அப்பா உள்ளூர்ப் பிரசங்கியார். மாதம் ஒருமுறை ஏறுவார். ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றி முதல் படிக்குப் பக்கத்தில் விடுவார்.

பிறகு வந்த ஆயர் ஒருவருக்கு நடுவில் ஆல்டர் (பலிபீடம்) இருந்தாக வேண்டும். பீடத்தைப் பிரித்து ஓரமாக வைத்தார்கள். அடுத்து வந்தவருக்கு அந்த ஓரமும் பிடிக்கவில்லை. அது இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது.

ரெட் ஆக்சைடு தரை. பீடம் இருந்த இடத்தில் வெயிலும் காலும் படாததால் அடர் சிவப்பில் ஒரு வட்டம். போன வருஷம் அப்பாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிப் போனேன். அவர் ஆல்டரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்த வட்டத்தின் ஓரம் வந்ததும் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டார். குனிந்து செருப்பைக் கழற்றப் பார்த்தார். இப்போது அதன்மேல் டைல்ஸ் போடப்போகிறார்களாம்.

சரியாகச் சொல்கிறேன்:

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நீங்கள் இருவரும் சொல்வது சி.எஸ்.ஐ. கோயில், மெதடிஸ்ட் கோயில் அல்ல. மெதடிஸ்ட் சபை தனியாக இருக்கிறது. நான் அதன் அங்கத்தினர்.

வட்டத் தடம்:

ஐயா, இரண்டும் மெதடிஸ்ட்தான். நாகப்பட்டினம், மன்னார்குடி, கரூர், தாராபுரம், திருவள்ளூர் பக்கமெல்லாம் வந்தது இங்கிலாந்து வெஸ்லியன் மிஷன். அவர்கள்தான் 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகளோடு சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனார்கள். உங்களுடையது அமெரிக்கக் கிளை, இணைப்பில் சேரவில்லை, 1981-இல் இந்திய மெதடிஸ்ட் திருச்சபை என்று தன்னாட்சி பெற்றது. கோயிலைக் கட்டியவர்களை வைத்துத்தான் நான் பேசுகிறேன், இன்றைக்கு வாசலில் தொங்கும் போர்டை வைத்து இல்லை.

சரியாகச் சொல்கிறேன்:

போர்டும் முக்கியம்தான்.

வாங்கு:

நான் மட்டக்களப்புப் பக்கம். எங்கட வெஸ்லியன் மிஷனரிமார் 1814-இல் வந்தவர்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த டாக்டர் கோக் கப்பலிலேயே மே 3 இறந்துபோனார், மற்றவர்கள் ஜூன் 29 காலித் துறைமுகத்தில் இறங்கினார்கள். மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் ஒரு வருஷம்கூட இருக்கவில்லை, 1815-இல் இறந்துபோனார். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. 2014-இல் இருநூறாம் ஆண்டு கொண்டாடினபோது மேடைக்கு மேடை சொன்னார்கள்.

நான் சொல்ல வந்தது 1978 நவம்பர் 23 இரவு, சூறாவளி. வீட்டுக் கூரை போனதும் அம்மா எங்களை இழுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினா. சுவர் நல்ல தடிப்பு, தாங்கும் என்று நினைப்பு. சுவர் தாங்கினதுதான், ஓடு தாங்கவில்லை. சீட்டுக்கட்டைக் குலைத்த மாதிரி ஒவ்வொன்றாகப் போனது. போதகர் “வாங்குக்குக் கீழே படுங்கோ!” என்று கத்தினார். வாங்கு என்றால் உங்கட பெஞ்சு. நான் மல்லாக்கப் படுத்திருந்தேன். இருட்டு, முகத்துக்கு மேலே பலகை. கையை உயர்த்தினால் பலகையின் அடியில் ஏதோ வெட்டியிருந்தது. விடிய விடிய அதை விரலால் தடவினேன். ஒரு ‘ம’, ஒரு ‘ரா’, பிறகு ஒரு மீன். ஆரோ என்னைப் போல ஒரு பெடியன், பிரசங்கம் முடியாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கத்தி வைத்து வெட்டியிருக்க வேணும்.

இருநூறாண்டு மலரில் எங்கள் கோயிலுக்கு ஒரு வரிதான். ‘1978 சூறாவளியில் சேதமடைந்து திருத்தப்பட்டது.’ வாங்குகளைக் கழித்துவிட்டுப் பிளாஸ்டிக் கதிரை வாங்கினது அந்த ஒரு வரியிலும் இல்லை. இப்பவும் ஆரின்ட வீட்டிலயாவது பழைய வாங்கைக் கண்டால் குனிந்து அடியைத் தடவுகிறேன். மனிசி சிரிக்கிறா.

பக்கவாசல்:

எங்கள் கோயிலின் வடக்குச் சுவரில் ஒரு குட்டிக் கதவு இருந்தது. காற்றுக்காக வைத்தது என்பார் எங்கள் மூப்பர். என் அம்மாச்சி வேறு மாதிரி சொன்னது: “நாங்க அதுலதான் வருவோம், அதுலதான் போவோம். தரையில பாய்.” சேரிச் சனங்கள் கூட்டம் கூட்டமாகச் சபையில் சேர்ந்த காலம் அது. உள்ளே விட்டார்கள், ஆனால் எந்த வாசல் வழியாக என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்.

புதுப்பிக்கும்போது அந்தக் கதவை அடைத்தார்கள். செங்கல் வைத்துக்கொண்டிருந்த கொத்தனார் என்னைக் கூப்பிட்டு, “இங்க பாருங்க, வாசப்படி எப்படித் தேஞ்சிருக்கு” என்று காட்டினார். நடுவில் கிண்ணம் மாதிரி குழி. அப்படியே நடந்து போய்ப் பெரிய வாசல் படியைப் பார்த்தேன். அது கிட்டத்தட்ட சமமாக இருந்தது. காற்று நடந்து இவ்வளவு தேயுமா?

சரியாகச் சொல்கிறேன்:

மிஷனரிமார் அப்படிப் பாகுபாடு பார்த்தவர்கள் அல்ல. ஜாதியை எதிர்த்து அவர்கள் எழுதியதெல்லாம் இருக்கிறது.

பக்கவாசல்:

எழுதினார்கள், சரி. படிக்கல்லைப் பற்றிச் சொல்லுங்கள்.

பதிவேடு:

எல்லோருடையதையும் படித்தேன். என் அனுபவம் சின்னது: ஒரு சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கரையானிடமிருந்து காப்பாற்ற வெயிலில் விரித்து வைத்தேன், ஆடு ஒன்று இரண்டு பக்கத்தைத் தின்றுவிட்டது. அதில் யார் யார் இருந்தார்களோ!

நடு வரிசைக்குச் சில யோசனைகள். ஓட்டை வைத்து வருஷம் சொல்லவே கூடாது என்றில்லை. கம்பெனிப் பெயரைப் பார்க்க வேண்டும். பாசல் மிஷன் சொத்துகள் முதல் உலகப்போரில் பறிபோய் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனி கைக்கு வந்தன. அதனால் காமன்வெல்த் என்று பொறித்த ஓடு போருக்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் அது ஓட்டின் வயது, சுவரின் வயது இல்லை. ஓடு மாற்றாத கோயில் உண்டா?

அடுத்தது எல்லைக்கல். காம்பவுண்டு மூலையில் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். டபிள்யூ.எம்.எம்.எஸ். (வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனரி சொசைட்டி) என்று வெட்டியிருந்தால் அது பெரும்பாலும் 1932-க்கு முந்தையது. அந்த வருஷம் இங்கிலாந்தில் மெதடிஸ்ட் பிரிவுகள் ஒன்றான பிறகு ‘வெஸ்லியன்’ போய் வெறும் எம்.எம்.எஸ். ஆகிவிட்டது. மிஷன் கடிதங்களும் வருஷ அறிக்கைகளும் லண்டனில் சோவாஸ் (SOAS) கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி ஆவணக் காப்பகத்திலும் தேடலாம். சார்பதிவாளர் ஆபீஸில் நிலப் பத்திரம். உள்ளூர் ஆயரிடம் கேட்டுப் பயனில்லை, அவரைக் குறை சொல்லவும் முடியாது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுவது மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி காலத்து வழக்கம், கட்டடத்தின் கதை தெரிவதற்குள் மாற்றல் வந்துவிடும்.

சுவர் சுண்ணாம்புக் காரை என்றால் தயவுசெய்து மேலே சிமெண்ட் பூசாதீர்கள். உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும், சில வருஷத்தில் பாளம் பாளமாகப் பெயரும். மறுபடியும் சுண்ணாம்புதான் பூச வேண்டும். டைல்ஸ்காரருக்கும் இதைத்தான் சொல்வேன்.

வாங்கு பற்றி எழுதியவருக்கு ஒரு தகவல்: பெஞ்சுக்குச் சாய்மானமே கூடாது, ஆணும் பெண்ணும் தனித்தனியாக உட்கார வேண்டும் என்பதெல்லாம் வெஸ்லி போட்ட விதி. கட்டடம் எண்கோணமாக இருந்தால் குரலுக்கு நல்லது என்றும் சொல்லியிருக்கிறார். 1760-களில் கட்டிய எண்கோணக் கோயில்கள் யார்க்‌ஷயரில் இன்னும் நிற்கின்றன. ஆண் பக்கம், பெண் பக்கம் என்பது நம் ஊர் வழக்கம் என்றுதான் நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. அந்த ஆயா உங்களிடம் வருஷத்தைச் சொல்லிவிட்டார். ‘கல்யாணத்துக்கு முந்தி’ என்றாரே. சபையில் கல்யாணப் பதிவேடு இருக்குமே?

வாங்கு:

அண்ணை, ஆட்டுக் கதை இரண்டு வரி, அறிவுரை இரண்டு முழம். என்றாலும் சாய்மானம் பற்றிச் சொன்னது நல்லது. எங்கட வாங்குக்குச் சாய்மானம் இருந்தது. வெஸ்லி பார்த்திருந்தால் சூறாவளியே தேவைப்பட்டிராது.

வட்டத் தடம்:

டைல்ஸ்காரருக்குச் சொல்லிப் பயனில்லை, கமிட்டியிடம் சொல்ல வேண்டும். அந்த வட்டத்தை மட்டும் விட்டுவிட்டுப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ‘அசிங்கமா இருக்குமே’ என்றார்கள்.

நடு வரிசை:

பதிவேடு ஐயா சொன்னதைப் படித்துவிட்டுப் போனேன். இரும்புப் பெட்டிச் சாவி பழைய செயலர் வீட்டில் இருந்தது, அதை வாங்க மூன்று வாரம்.

ஆயாவின் அப்பா கல்யாணம் கிடைத்தது. தொழில் என்ற கட்டத்தில் ‘கூலி’. கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் ரேகை, மை கொஞ்சம் அதிகமாக அப்பியிருக்கிறது. நடந்த இடம்: ஆலயம். நாலு பக்கம் முன்னால் புரட்டினால் எல்லாக் கல்யாணமும் ‘மிஷன் பள்ளிக்கூடத்தில்’ என்று இருக்கிறது. பள்ளிக்கூடம் முடிந்து ஆலயம் தொடங்கும் இடத்தில் ஒரே வருஷம்தான் இடைவெளி. கருங்கல்லில் இருப்பதற்கும் அதற்கும் அரை நூற்றாண்டுக்கு மேல் வித்தியாசம்.

படம் எடுத்துக் கமிட்டியில் காட்டினேன். ஒருவர், “பழசா இருக்கறதுதானே தம்பி பெருமை, இருந்துட்டுப் போகட்டுமே” என்றார். வெள்ளையடிக்கும்போது பார்க்கலாம் என்று முடித்துவிட்டார்கள்.

ஆயாவின் மகன் வீட்டுக்குப் போய் அந்த ரேகைப் பக்கத்தைக் காட்டினேன். அவர் கைபேசியை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். தன் கட்டைவிரலை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார், “இங்க வா, தாத்தா கையி.”