ஈக்கோவைக் கேம்பராக மாற்ற ஆசை, ராமநாதபுரம் கடற்கரைக்கு எது தாங்கும்?

பரமக்குடி ஈக்கோ:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் மாருதி ஈக்கோ இருக்கிறது, ஐந்து சீட்டு, பெட்ரோல், வெள்ளை. மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டதால் வீட்டில் நானும் மனைவியும்தான். சனிக்கிழமை சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பி, தேவிபட்டினம், அரியமான், வாலிநோக்கம், மாரியூர் என்று ஏதாவது ஒரு கடற்கரைப் பக்கம் வண்டியிலேயே படுத்துவிட்டு, ஞாயிறு மத்தியானம் திரும்பலாம் என்று நினைக்கிறோம். லாட்ஜ் எடுத்துத் தங்கினால் காலையில் கண் விழிக்கும்போது கடல் தெரியாது, அதுதான் காரணம்.

டேப் வைத்து அளந்தேன். பின் சீட்டை எடுத்துவிட்டால் முன் சீட்டிலிருந்து பின் கதவு வரை ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கட்டில், மின்விசிறி, லைட், சின்ன அடுப்பு, முடிந்தால் ஏசி. 40,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். பட்டறையில் கட்டிலைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கித் தருகிறேன் என்கிறார்கள். சட்டப்படி சிக்கல் வருமா? மனைவிக்கு முழங்கால் வலி உண்டு, அதையும் சேர்த்து யோசனை சொல்லுங்கள்.

கீழக்கரை ஆம்னி:

முதல் வேலையாகப் பட்டறைக்காரரிடம் போல்ட் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் என் மாருதி ஆம்னி வேனில் அதைத்தான் செய்தேன், தரையில் எட்டு ஓட்டை. இரண்டாவது வருடம் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் உள்ளங்கை அகலத்துக்குத் துரு, விரலால் அழுத்தினால் தகடு உள்ளே போகிறது. நம்ம ஊர்க் காற்றில் இருக்கும் உப்பு வெட்டின இடத்தைத்தான் முதலில் பிடிக்கும். எங்காவது துளை போட்டே ஆகவேண்டும் என்றால் அன்றைக்கே பிரைமர் அடித்து, சீலன்ட் வைத்து மூடிவிட வேண்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடக்கூடாது. கதவுகளின் அடிப்பக்கம் தண்ணீர் வடிவதற்குச் சின்னத் துளைகள் இருக்கும். அதில் மணல் அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்தே இற்றுப்போகும், குச்சி விட்டுக் குத்திப் பாருங்கள்.

ஒவ்வொரு தடவை கடற்கரை போய் வந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். இங்கே பல வாட்டர் சர்வீஸ்களில் போர் தண்ணீரே உப்புதான். அதில் கழுவினால் காசு கொடுத்து உப்புப் பூசுவது மாதிரி. நான் இப்போதெல்லாம் ஒரு சொட்டு வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை மேலே ஏற்றச் சொல்வேன்.

கட்டிலுக்கு அலுமினியச் சதுரக் குழாயில் சட்டம், மேலே 12 மி.மீ. பிளைவுட் மூன்று துண்டாக. ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள பலகையாகக் கேட்டு வாங்குங்கள், ஈரத்தைத் தாங்கும். சீட்டு போல்ட் போகிற பழைய துளைகளிலேயே வளையம் மாட்டி, லாரியில் சரக்குக் கட்டுகிற ராட்செட் பெல்ட்டால் சட்டத்தை இழுத்துக் கட்டிவிடலாம். கட்டாமல் மட்டும் ஓட்டாதீர்கள், திடீர் பிரேக்கில் மொத்தக் கட்டிலும் உங்கள் முதுகுக்கு வரும். அப்புறம் ஒன்று, ஈக்கோவுக்கும் ஆம்னி மாதிரியே என்ஜின் முன் சீட்டுக்கு அடியில். ஓடி நின்ற வண்டி உள்ளே நெடுநேரம் சூடாகவே இருக்கும். போய்ச் சேர்ந்ததும் எல்லாக் கதவையும் திறந்துவைத்துவிட்டு நடந்துவிட்டு வாருங்கள், தலைமாட்டைப் பின் கதவுப் பக்கம் வையுங்கள்.

மண்டபம் வயரிங்:

கரன்ட் கணக்கு நான் சொல்கிறேன். ஏசியை மறந்துவிடுங்கள் அண்ணே. வீட்டு ஒரு டன் ஏசி ஓடும்போது ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும், இந்த பட்ஜெட்டில் வாங்குகிற பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. சரி, என்ஜினை ஓடவிட்டு வண்டி ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். நின்ற வண்டியின் புகை உள்ளே வந்தால் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். இதே காரணத்தால் அடுப்பையும் வண்டிக்குள் பற்றவைக்கவே கூடாது. கதவுக்கு வெளியே, காற்று மறைவில்.

உங்களுக்குத் தேவை 12 வோல்ட் டிசி ஃபேன் இரண்டு. ஒன்று உள்காற்றை வெளியே தள்ள, ஒன்று மேலே வீச. ஒன்றுக்கு 15 வாட் வைத்தால் இரண்டும் ஒன்பது மணி நேரத்துக்கு 270 வாட் ஹவர். லைட், போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து 50. ஆக ஒரு ராத்திரிக்கு 320. லித்தியம் பாஸ்பேட் பேட்டரி 12.8 வோல்ட், 50 ஆம்பியர் ஹவர் என்றால் 640 வாட் ஹவர் கிடைக்கும், பாதிதான் செலவாகும். அதனால் வாரம் ஒரு ராத்திரிக்கு சோலாரே வேண்டாம், வீட்டிலேயே லித்தியத்துக்கான சார்ஜரில் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள், கூரையில் துளை போடுகிற வேலையும் மிச்சம். இன்வெர்ட்டர் டியூபுலர் பேட்டரி விலை குறைவு என்று வாங்கிப் படுக்கிற இடத்தில் வைக்காதீர்கள், எடை அதிகம், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வேறு வெளிவரும். வண்டியின் ஸ்டார்ட்டிங் பேட்டரியைத் தொடவே வேண்டாம். புது பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே ஃபியூஸ் போடுங்கள், வயரின் கடைசியில் போட்டால் நடுவில் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது.

பரமக்குடி ஈக்கோ:

கீழக்கரை அண்ணே, மண்டபம் தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. பட்டறைக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்லிவிட்டேன். கூரைக்குத் தெர்மோகோல் ஒட்டலாமா? ஆர்.டி.ஓ. விஷயம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கீழக்கரை ஆம்னி:

தெர்மோகோல் வண்டி குலுங்கக் குலுங்க உதிர்ந்து கட்டிலெல்லாம் வெள்ளைப் பொடியாகக் கொட்டும். அலுமினியத் தாள் ஒட்டின ஃபோம் ஷீட் வாங்குங்கள். முன் கண்ணாடிக்கும் அதிலேயே ஒரு மறைப்பு வெட்டிக்கொள்ளலாம்.

சாயல்குடி டிரைவர்:

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. வண்டியைத் தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக மாற்றக்கூடாது என்பதுதான் அதன் சாரம், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. வண்டியின் உடம்பை வெட்டுவது, கூரையை உயர்த்துவது, சீட்டு எண்ணிக்கையை நிரந்தரமாகக் குறைப்பது, இதெல்லாம் அனுமதி இல்லாமல் ஆகாது. பெல்ட் கட்டின கட்டில், கழற்றி இறக்கக்கூடிய பலகை என்றால் அது நீங்கள் ஏற்றின சாமான்தான் என்று நான் பார்க்கிறேன். ஆனாலும் சீட்டை இறக்கிவிட்டு ஓட்டலாமா என்பதை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், இன்சூரன்ஸிலும் சொல்லிவையுங்கள்.

தங்குகிற இடத்துக்குக் காற்றைப் பார்த்துப் போக வேண்டும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில், அதாவது ஆடியை ஒட்டி, மன்னார் வளைகுடாப் பக்கம் மணல் பறக்கும், கடல் கொந்தளிக்கும். அப்போது தேவிபட்டினம், அரியமான் என்று பாக் ஜலசந்திப் பக்கம் அமைதி. ஐப்பசி, கார்த்திகையில் வாடை தொடங்கினால் அப்படியே தலைகீழ், தெற்கே வாலிநோக்கம், மாரியூர் பக்கம் வாருங்கள். தனுஷ்கோடியில் ராத்தங்கல் கிடையாது, இருட்டுவதற்கு முன் எல்லோரையும் அனுப்பிவிடுவார்கள். மீனவர் ஊர்களில் வலை காயப்போடும் இடத்திலும் வள்ளம் இழுக்கும் வழியிலும் வண்டியை விடாதீர்கள். ஊருக்குள் ஒரு பெரியவரிடம் சொல்லிவிட்டு நிறுத்தினால் ராத்திரி உங்களைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள்தான். மரைன் போலீஸ் ரோந்து வந்து கேட்பார்கள், ஆர்.சி.யும் ஆதாரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மணலில் இறங்காமல் தார் ரோட்டு ஓரமே நல்லது. சிக்கிவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் புதையும். ஈக்கோவுக்குப் பின் சக்கரம்தான் இழுக்கும், அதில் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் பனை மட்டை போட்டு மெதுவாக ஏற்றுங்கள், ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்று பிடிக்க வேண்டும். கருவேல முள் எங்கும் கிடக்கிறது, ஸ்டெப்னி சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

உச்சிப்புளி வாசகி:

அக்காவின் முழங்காலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. கட்டிலுக்கு அடியில் பெட்டி வைக்க வேண்டும் என்று உயரமாகச் செய்யாதீர்கள். ஈக்கோவின் தரையே நிலத்திலிருந்து உயரம், அதற்கு மேல் ஒன்றரை அடிக் கட்டில் என்றால் ராத்திரி இறங்கி ஏற அவர் படாதபாடு படுவார், உள்ளே நிமிர்ந்து உட்காரவும் தலை இடிக்கும். முக்கால் அடி போதும். ஒரு மரப்படி செய்து கதவருகே வைத்துவிடுங்கள், கதவுத் தூணில் பிடித்து இறங்க ஒரு கைப்பிடி.

கழிப்பறைதான் பெண்களுக்கு முதல் கேள்வி. நாங்கள் போகும்போது பெட்ரோல் பங்க்கிலோ கோயில் பக்கமோ கழிப்பறையை முதலில் பார்த்துவிட்டுத்தான் வண்டி நிறுத்தும் இடத்தை முடிவு செய்வோம், கடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. சேதுக்கரைக்கு அமாவாசையை ஒட்டிப் போகவேண்டாம், கூட்டம் தாங்காது. குடிக்க, சமைக்க 20 லிட்டர் கேன் ஒன்று, கால் கழுவத் தனிக் குடம். மணல் காலோடு கட்டிலில் ஏறினால் அன்று தூக்கம் போச்சு. கொசுவலையைக் காந்தப் பட்டை வைத்துத் தைத்தால் கதவுச் சட்டத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும், தையல்காரரிடம் கொடுத்தால் ஒரு நாள் வேலை.

பரமக்குடி ஈக்கோ:

உச்சிப்புளி அம்மா சொன்னதை மனைவியிடம் படித்துக் காட்டினேன், முக்கால் அடியே முடிவு. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்ட பிறகுதான் பலகை வாங்குவேன். இந்த வாரம் எதையும் கட்டாமல் அப்படியே அரியமான் போகிறோம், சவுக்குத் தோப்பு ஓரம் பாய் விரித்து அதிகாலை வரை இருந்து பார்க்கிறோம். வண்டிக்குள் சூடு எப்போது இறங்குகிறது என்று மணிக்கு ஒரு தடவை குறித்துவந்து இங்கேயே போடுகிறேன்.

மண்டபம் வயரிங்:

நல்லது அண்ணே. ஞாயிறு காலை நான் உச்சிப்புளியில்தான் வேலையாக இருப்பேன். ஃபேன் ஒன்றும் பேட்டரி ஒன்றும் எடுத்து வருகிறேன், வாங்குவதற்கு முன்னால் ஓடவிட்டுக் காற்று போதுமா என்று பாருங்கள்.