குழந்தை உடம்பில் வெளிர்பழுப்புத் திட்டுகள், டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

மழலைமுத்து:
பெண் குழந்தை, ஒன்றரை வயது. பிறந்தபோதே இடுப்புக்குக் கீழே நீலம் பாய்ந்த மாதிரி ஒரு பெரிய திட்டு இருந்தது, அது இப்போது வெளுத்துக்கொண்டே வருகிறது. ஆனால் கொஞ்ச நாளாக வயிறு, தொடை, முதுகு என்று வெளிர்பழுப்பில் தட்டையான திட்டுகள் தெரிகின்றன. தடவினால் மேடாக இல்லை, அரிப்பும் இல்லை. முதலில் ஒன்றுதான் கண்ணில் பட்டது, இப்போது எண்ணினால் ஐந்து. வீட்டில் மச்சம்தானே, விடு என்கிறார்கள். இணையத்தில் தேடினால் வாயில் நுழையாத நோய்ப் பெயர்களாக வந்து தூக்கமே போய்விட்டது. கர்ப்பமாக இருந்தபோது நான் ஏதாவது சாப்பிட்டதால் இருக்குமா?

கடல்நுரை:
பயப்படாதீர்கள், குழந்தைகளுக்கு வரும் மச்சம், திட்டு எல்லாமே வளர வளரத் தானாகப் போய்விடும். என் அக்கா பையனுக்கு அப்படித்தான் போனது.

வேப்பமரம்:
கடல்நுரை சொல்வது நீலத் திட்டுக்குச் சரி. நிறமி செல்கள் தோலின் ஆழத்திலேயே தங்கிவிடுவதால் வருவது அது, பெரும்பாலும் பள்ளிக்குப் போகும் வயதுக்குள் மங்கிவிடும். பழுப்புத் திட்டு அப்படி மறையாது, குழந்தையோடு சேர்ந்து வளரும்.

என் மகனுக்கு நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை (தோலில் திட்டுகளும் நரம்புகளில் கட்டிகளும் வரக்கூடிய மரபணு நோய்) இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஒன்றிரண்டு பழுப்புத் திட்டு எத்தனையோ ஆரோக்கியமான குழந்தைகளுக்கு உண்டு. பருவம் அடைவதற்கு முன் 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமுள்ள திட்டுகள் ஆறு அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் டாக்டர்கள் இந்த நோயை நினைக்க ஆரம்பிப்பார்கள். அதை மட்டும் வைத்து முடிவு செய்யவும் மாட்டார்கள். அக்குளிலும் தொடை இடுக்கிலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருக்கின்றனவா (இவை பெரும்பாலும் சில வயது கழித்துத்தான் வரும்), கண்ணின் நிறமுள்ள வளையத்தில் சின்ன முடிச்சுகள் உண்டா, அப்பா அம்மாவில் யாருக்காவது இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஒவ்வொரு திட்டுக்கும் பக்கத்தில் ஸ்கேலை வைத்து, பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். ஐந்து இருக்கிறது, எண்ணிக்கையும் கூடியிருக்கிறது என்பதால் ஆறாவதுக்காகக் காத்திருக்க வேண்டாம், இப்போதே காட்டிவிடுங்கள்.

அப்புறம் அந்தக் கடைசிக் கேள்வி. நீங்கள் சாப்பிட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒருவேளை நோயாகவே இருந்தாலும், பாதிப் பேருக்கு அது பெற்றோரிடமிருந்து வருகிறது, மீதிப் பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாக ஒரு மரபணு மாறி வருகிறது. அந்தப் பாரத்தை இன்றோடு இறக்கி வையுங்கள்.

தாழைமடல்:
குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். நீலத் திட்டைக் குழந்தையின் மருத்துவக் குறிப்பில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். புதிதாகப் பார்க்கிறவர்கள் யாரோ அடித்த காயம் என்று நினைத்துவிடுவார்கள். அடிபட்டுக் கன்றினால் சில நாளில் பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறிக் கலைந்துவிடும், இது அப்படியே இருக்கும்.

இன்னொன்று, நிறம் மாற்றும் கிரீம் எதையும் பூசாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, குழந்தைத் தோல் மெலிந்துபோகும், திட்டும் போகாது.

"தானாகப் போகும்" என்று படித்துவிட்டு யாரும் சும்மா இருந்துவிடக் கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன். நெற்றியிலும் மேல் இமையிலும் பிறந்ததிலிருந்தே கருஞ்சிவப்புத் தடம் இருந்தால் கண் அழுத்தத்தையும் மூளையையும் சோதிக்க வேண்டியிருக்கும். பிறந்து சில வாரத்தில் கிளம்பி வேகமாகப் புடைக்கும் சிவப்புக் கட்டி கண்ணோரம் இருந்தால் தாமதிக்கவே கூடாது, அது பார்வையை மறைத்துவிடும். புரோப்ரனலால் மருந்தை நேரத்தில் தொடங்கினால் நன்றாகச் சுருங்கும்.

மழலைமுத்து:
மிக்க நன்றி. ஸ்கேல் வைத்து அளந்தேன், நான்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டுகின்றன, ஒன்று சின்னது. நேராகத் தோல் டாக்டரிடம் போகலாமா?

வேப்பமரம்:
முதலில் வழக்கமாகப் பார்க்கும் குழந்தை டாக்டரிடமே போங்கள். உடம்பு முழுக்கப் பார்த்து, தலைச் சுற்றளவு, வளர்ச்சி எல்லாம் சரிபார்த்துவிட்டு, தேவைப்பட்டால் தோல் டாக்டருக்கும் கண் டாக்டருக்கும் அவரே எழுதித் தருவார். போட்டோக்களை மறக்காமல் கொண்டுபோங்கள்.