கோட்டை விட்ட கதை

குழு: வெள்ளவத்தை வீடு
சனிக்கிழமை

அம்மா, பி.ப. 5.42: வந்து சேர்ந்திட்டம். 100 பஸ்ஸில சரியான சனம். ரோபோப் பெட்டியை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு நிண்டபடியே வந்தவன்.

பெரிய மாமா, 5.44: போட்டி என்ன மாதிரி மருமோன்?

தம்பி: கோட்டை விட்டுட்டன் மாமா

பெரிய மாமா: பரவாயில்லையடா. அடுத்த முறை பாப்பம்.

தம்பி: இல்ல மாமா, ரோபோ உண்மையாவே கோட்டை விட்டுட்டுது. நிலத்தில போட்ட கறுப்புக் கோட்டைப் பிடிச்சு ஓட வேணுமெல்லோ. முதல் வளைவிலயே கறுப்புக் கோடு ஒரு பக்கம், இது நேரா ஒரு பக்கம். நடுவற்ற கதிரையில போய் இடிச்சுத்தான் நிண்டது. அவர் ரெண்டு காலையும் தூக்கிட்டார்.

கனடாச் சித்தி, 5.47: 😂😂 ஐயோ குஞ்சு. வீடியோ இருக்கோ?

நான்: இருக்கு சித்தி. ஆனா போட விடமாட்டன் எண்டு நிக்கிறான்.

அம்மா: வீட்டில இருபது தரம் ஒரு பிழையும் இல்லாமல் ஓடினதுதானே. அங்க போய் என்ன வந்தது அதுக்கு?

அம்மம்மா: 🎤 குரல் பதிவு 0.48

பெரிய மாமா: மார்க்கெட்டில நிக்கிறன், ஒண்டும் கேக்கேல்ல. ஆராவது எழுதுங்கோ.

நான்: அம்மம்மா சொல்லுறா: "தோத்தாத் தோக்கட்டும், பிள்ளையைப் பேசாதையுங்கோ. ஆனா ஹோல் நிலத்தில ஒட்டின கறுப்பு டேப்பை ஆர் உரிக்கிறது? பசை காலில ஒட்டுது." மிச்சம் முழுக்க அந்தப் பசையைப் பற்றித்தான்.

பெரிய மாமா, 6.05: சரி இப்ப சொல்லு. மண்டபத்தில ஜன்னல் எந்தப் பக்கம்?

தம்பி: வளைவுக்குப் பக்கத்தில பெரிய ஜன்னல் மாமா. வெயில் நேரா கோட்டில விழுந்தது.

பெரிய மாமா: அதுதான் விசயம். உன்ர சென்சர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அடிச்சு, திரும்பி வாறதை அளக்குது. வெள்ளை திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கும். வீட்டில எல்.ஈ.டி. பல்ப், அதில அகச்சிவப்பு இல்லையெண்டே சொல்லலாம். வெயிலில அது கொட்டிக் கிடக்கு. சென்சருக்குக் கறுப்பும் வெள்ளையாத்தான் தெரிஞ்சிருக்கும்.

தம்பி: ஓம்!! கம்பியூட்டரில சென்சர் எண்ணைக் காட்டுற சீரியல் மொனிற்றரில எல்லாச் சென்சரும் ஒரே எண் காட்டினது. நான் வயர் கழண்டிட்டுது எண்டு நினைச்சன்.

பெரிய மாமா: கறுப்பா வெள்ளையா எண்டு பிரிக்க என்ன எண் எழுதி வைச்சனி?

தம்பி: 500

பெரிய மாமா: எங்க அளந்து?

தம்பி: எங்கட ஹோலில

பெரிய மாமா: ராத்திரியிலயோ?

தம்பி: ஓம் 😐

அம்மா: அண்ணா, அவன் இன்னும் சாப்பிடேல்ல

பெரிய மாமா, 6.14: சாப்பிட்டுக்கொண்டு வாசிக்கட்டும். 2004 மார்ச்சில அமெரிக்காவில, மொஹாவி பாலைவனத்தில, டிரைவர் இல்லாத வாகனங்களுக்கு ஒரு ஓட்டப்போட்டி வைச்சவை. டார்ப்பா எண்டு அவையின்ர பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம். பரிசு 10 லட்சம் டொலர், தூரம் கிட்டத்தட்ட 230 கிலோமீற்றர். ஒண்டும் முடிக்கேல்ல. ஆகத் திறமா ஓடினது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின்ர வாகனம், அதுவும் 12 கிலோமீற்றர் வரேல்ல. கொழும்புக் கோட்டையில வெளிக்கிட்ட வவுனியா பஸ் பக்கத்தில இருக்கிற வத்தளையோட படுத்த மாதிரி.

கனடாச் சித்தி: அண்ணா இண்டைக்குக் கோட்டையை விடமாட்டார் போல

பெரிய மாமா: கேளுங்கோ. அடுத்த வருசம் 5 வாகனம் கடைசி வரைக்கும் வந்தது. முதலாவது ஸ்டான்போர்டின்ர ஸ்டான்லி, 212 கிலோமீற்றர், 7 மணித்தியாலத்துக்குள்ள. மருமோன், உனக்கு வேண்டியது இதுதான்: அது கிட்ட இருக்கிற நிலத்தை லேசரால அளக்கும். ஓடலாமெண்டு தெரிஞ்ச நிலத்தின்ர நிறத்தைக் கமராவால படிக்கும். அதே நிறம் தூரத்தில தெரிஞ்சால் அதுவும் பாதை. வெளிச்சம் மாற மாறத் திருப்பித் திருப்பிப் படிச்சுக்கொண்டே ஓடினது. அதுக்குள்ள 500 எண்டு ஒருத்தரும் எழுதி வைக்கேல்ல.

தம்பி: 😶

அம்மா: எல்லாம் சரி அண்ணா. ஓ.எல். சோதினை வருது. இந்த விளையாட்டால பிறகு என்ன பிரயோசனம்?

கனடாச் சித்தி: அக்கா, இவர் வேலை செய்யிற அமேசான் கிடங்கில தட்டையா ஒரு மெசின், அலுமாரிக்குக் கீழ பூந்து அலுமாரியையே தூக்கிக்கொண்டு வருமாம். முந்தி இவரெல்லோ நடந்து திரிஞ்சவர்.

பெரிய மாமா: அதுவும் போட்டிக்காரர் செய்ததுதான் தங்கச்சி! ரோபோகப் எண்டு ரோபோக்களின்ர உதைபந்தாட்டம், முதல் முறை 1997 இல ஜப்பான் நகோயாவில நடந்தது. பிறகு வந்த வருசங்களில அதின்ர சின்ன ரோபோப் பிரிவில கோர்னெல் பல்கலைக்கழக அணியை வெல்ல வைச்ச பேராசிரியர் ரஃபேலோ டி அந்திரேயா. பந்துக்குப் பின்னால கூட்டமா ஓடேக்க ஒண்டோடொண்டு இடிபடாமல் ஓட வேணுமெல்லோ, கிடங்கிலயும் அதே பிரச்சினைதான். அவரும் சேர்ந்து தொடங்கின கீவா கொம்பனியை 2012 இல அமேசான் 775 மில்லியன் டொலருக்கு வாங்கினது.

அம்மா: மில்லியனோ

நான்: அம்மா இப்ப தம்பிக்கு இன்னொரு முட்டை பொரிக்கிறா 😂

தம்பி, 6.31: மாமா ரோபோகப்பில வெயில் பிரச்சினை இல்லையோ?

பெரிய மாமா: வெளிச்சம் அவைக்கும் தலையிடிதான். முதலில பந்து செம்மஞ்சள் நிறம், நிறத்தைப் பாத்தே பிடிக்கலாம். பிள்ளையள் அதில கெட்டிக்காரரா வந்த உடன, எல்லாரும் ஒரே மாதிரி ரோபோ வைச்சு விளையாடுற பிரிவில 2016 இல கறுப்பு வெள்ளைப் பந்து குடுத்திட்டினம். 2050 இல மனிச உலகக் கோப்பை அணியை வெல்லுறதாம் இலக்கு. விழுந்து எழும்புறதைப் பாக்க எனக்கெண்டா நம்பிக்கை இல்லை.

தம்பி: அப்ப நான் என்ன செய்ய

பெரிய மாமா: ரெண்டு வேலை. ஒண்டு, ஓட முதல் அந்த இடத்திலயே ரோபோவைக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் மேல நகர்த்தி, ஆகக் கூடின எண்ணையும் ஆகக் குறைஞ்ச எண்ணையும் அதுவே எடுத்து நடுவைப் பிடிக்கட்டும். மற்றது, சென்சர் லைற்றை அணைச்சு ஒருக்கா, போட்டு ஒருக்கா வாசி. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்தால் வெயில் பெரும்பாலும் கழிஞ்சு போகும்.

தம்பி: என்ர லைற் நேரா 5 வோல்ட்டில குடுத்திருக்கு, அணைக்கேலாது

பெரிய மாமா: லைற்றைப் போட்டு அணைக்க ஒரு ட்ரான்சிஸ்டர் போடு, அது சுவிட்ச் மாதிரி. திங்கள் புறக்கோட்டைப் பக்கம் போவன், வாங்கிக்கொண்டு வாறன்.

கனடாச் சித்தி: திரும்பவும் கோட்டை!

பெரிய மாமா: நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்குக் கடல் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, அந்த வெயிலில புது எண்ணைப் பழக்கு.

அம்மம்மா: 🎤 குரல் பதிவு 0.21

நான்: அம்மம்மா சொல்லுறா: "கதவைத் திறக்கட்டும், ஆனா இனி நிலத்தில டேப் ஒட்டக்கூடாது. பெரியவன்ர அறுபதாவது பிறந்தநாளுக்கு அடிச்ச பேனர் கட்டிலுக்குக் கீழ கிடக்கு, அதில ஒட்டட்டும்."

பெரிய மாமா: அம்மா, அதில என்ர படமெல்லோ இருக்கு!

தம்பி, 6.40: பின்பக்கம் நல்ல வெள்ளை மாமா. விரிச்சுப் பாத்திட்டன். முதல் வளைவு உங்கட மூக்குக்கு நேர பின்னால வருது.