ரெஸ்ரோமொட்டுக்குத் தமிழ் என்ன?

உவர்மலையிலிருந்து:
வணக்கம். வாகனத் திருத்துநர் வகுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓர் அத்தியாயத்துக்கு இன்னும் தலைப்பு இல்லை. பழைய காரின் உடலை அப்படியே காப்பாற்றி, உள்ளே எஞ்சின், பிறேக், சஸ்பென்சன் எல்லாவற்றையும் இக்காலத் தரத்துக்கு மாற்றுவதை ரெஸ்ரோமொட் என்கிறார்கள். கலிபோர்னியாவில் சிங்கர் நிறுவனம் போர்ஷே 911 கார்களில் செய்வது இதைத்தான். என் உதாரணம் மொறிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் கார். 1962க்குப் பிந்திய மைனருக்கு 1098 சிசி எஞ்சின், நாலு சில்லுக்கும் ட்றம் பிறேக். அதில் 1275 சிசி எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் முன்னுக்கு டிஸ்க் பிறேக்கும் பூட்டினால் என்னவென்று சொல்வது? 'மீட்டுருவாக்கம்' சரிவராது. அது பழைய நிலைக்கே கொண்டுபோவது.

தம்பலகாமத்திலிருந்து:
திருகோணமலையில், கோணேசர் மண்ணில் இருந்துகொண்டு சொல்லுக்கு அலைவானேன்? கோயிலைப் புதுப்பிப்பதற்குப் புனருத்தாரணம் என்ற சொல் இருக்கிறதே. திருப்பணி முடியும்வரை சுவாமியை வேறிடத்தில் வைப்பது பாலாலயம்; எஞ்சினைக் கழற்றி வெளியே வைப்பதையும் அப்படியே சொல்லலாம்.

நிலாவெளியிலிருந்து:
ஐயா, கோணேசர் கோயில் இதற்கு நேர்மாறு. 1950இல் கிணறு வெட்டும்போது கிடைத்த பழைய விக்கிரகங்கள், 1963இல் குடமுழுக்குக் கண்ட கட்டடத்தில். உள்ளே பழசு, வெளியே புதுசு. காரில் வெளியேதான் பழசு. அதோடு 'புனருத்தாரண'த்தை எந்தப் பொடியன் வாயில் நுழைப்பது?

தம்பலகாமத்திலிருந்து:
வடசொல் ஆகாது என்றால் தொல்காப்பியத்துக்கே போவோம். செய்யுளியலில் நூலுக்குச் சொல்லும் எண்வகை வனப்பில், அதாவது அழகில், பழமை மேல் வருவது தொன்மை, புதிதாகப் புனைவது விருந்து. இரண்டையும் சேர்த்தால் 'தொல்விருந்து'. இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா?

நிலாவெளியிலிருந்து:
பிள்ளைகள் சாப்பாடு என்று நினைத்து வருவார்கள்.

கிண்ணியாவிலிருந்து:
சேர்மார் கோபிக்கக் கூடாது. கராஜில் நாங்கள் 'எஞ்சின் மாற்றின கார்' என்றுதான் சொல்வோம். ஆனால் கையேட்டில் அப்படிப் போட்டால் பொடியன்கள் எஞ்சினில் கைவைத்துத்தான் தொடங்குவார்கள். முதலில் பிறேக். அடுத்தது முன்பக்கத்து ட்ரனியன், முன்சில்லைத் தாங்கித் திரும்பவிடும் மரைமூட்டு. அதற்குக் கிறீஸ் அடிக்காமல் விட்டு மரை தேய்ந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லு மடிந்து விழும். எஞ்சின் கடைசி. எனக்குப் பட்டது: 'உட்புதுக்கம்'.

உவர்மலையிலிருந்து:
நல்ல சொல், நானா. ஆனால் சீற்றுக்கு உறை போடுவதும் உட்புதுக்கம்தானே? 'இயக்கப்புதுக்கம்' என்றால்?

யாழ்ப்பாணத்திலிருந்து:
தம்பி, எங்கள் பக்கத்தில் 'இயக்கம்' என்றால் ஆட்கள் முதலில் வேறொன்றைத்தான் நினைப்பார்கள். அச்சகத்துக்காரரே தயங்குவார். பொருளாதாரத் தடைக்காலத்தில் இங்கே கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம், அதற்கும் ஒரு சொல் தேவைப்படவில்லை. கையேட்டில் 'பேரூந்து' என்று இருந்தால் அதையும் திருத்துங்கள். பேர், உந்து, பேருந்து. நெடில் எங்கிருந்து வந்தது?

மூதூரிலிருந்து:
ஊர்தியிலிருந்து வந்தது. ஊர்வது ஊர்தி.

யாழ்ப்பாணத்திலிருந்து:
அப்படியானால் 'பேரூர்தி' என்று எழுதுங்கள். பாதி உந்து, பாதி ஊர்தி என்று ஒரு பஸ் கிடையாது.

உவர்மலையிலிருந்து:
பஸ்ஸை விடுங்கள், நாளை மறுநாள் வெள்ளி.

நிலாவெளியிலிருந்து:
'ஓட்டப்புதுக்கம்' போடலாம். நல்ல ஓட்டம், ஓட்டம் போதாது என்று எல்லாரும் சொல்கிறோம். பிறேக்கும் ஓட்டத்தைச் சேர்ந்ததே. 'பழைய' என்று தனியாகச் சொல்லவும் வேண்டாம், புதியதை யாரும் புதுக்குவதில்லை. பழைய நிலைக்கே கொண்டுபோவதை 'மூலமீட்பு' என்று பிரித்துவிட்டால் குழப்பமும் இல்லை.

கிண்ணியாவிலிருந்து:
விளங்குகிறது. எனக்குச் சரி.

மூதூரிலிருந்து:
சரி. முதல் தடவை வரும் இடத்தில் பக்கத்திலேயே ரெஸ்ரோமொட் என்றும் போட்டுவிடுங்கள். உதிரிப்பாகம் தேடுகிறவன் அந்தப் பெயரைத்தான் தட்டுவான்.

தம்பலகாமத்திலிருந்து:
ஓட்டப்புதுக்கம் என்றால் கார் ஓட்டம் புதுக்குவதா, ஓட்டப்பந்தயக்காரன் கால் புதுக்குவதா? 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே', காலத்தோடு வரும் சொல்லைத் தள்ளவேண்டாம் என்று தொல்காப்பியரே விட்டுக்கொடுத்திருப்பதால் தடுக்கவில்லை. ஆனால் ஒப்பவும் இல்லை. அடுத்த பதிப்புக்குத் 'தொல்விருந்து' நிலுவையில் இருக்கட்டும்.

உவர்மலையிலிருந்து:
குறித்துக்கொண்டேன், ஐயா. ஓட்டப்புதுக்கம் என்றே அனுப்புகிறேன். நானா, ட்ரனியனுக்கு எத்தனை மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கச் சொல்வீர்கள்? அந்த வரியும் காலியாக இருக்கிறது.