நாயோக் மாறிய நாட்களில் நாங்கள் அங்கே இருந்தோம்

தாய்லாந்தில் இருந்த எங்கள் மூன்று பேரின் நினைவுகள் இவை. முதலாவது என்னுடையது.

2006 செப்டம்பர் 19 ராத்திரி. கல் வியாபாரத்துக்காகப் போய், பேங்காக் சிலோம் சாலையில் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் வாடகை அறையில் இருந்தேன். டிவியில் ஓடிக்கொண்டிருந்த நிகழ்ச்சி நின்று, மன்னரின் படங்களும் பாட்டுகளும் வர ஆரம்பித்தன. கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்கார அம்மா கூப்பிட்டுச் சொன்னார்: "நாயோக் போயாச்சு!"

பிரதமரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். முழுச் சொல் ‘நாயோக் ரத்தமொந்த்ரி’. நம் நாயகன், ராஷ்டிரம், மந்திரி மூன்றும் அதற்குள் இருக்கின்றன. அன்று நாயோக் தக்சின் ஷினவாத்ரா, ஐ.நா. கூட்டத்துக்காக நியூயார்க்கில் இருந்தார். அங்கிருந்து தொலைபேசியிலேயே நெருக்கடி நிலையை அறிவித்தார். பேசி முடிப்பதற்குள், ஆட்சியைப் பிடித்த ராணுவம் ஒளிபரப்பை நிறுத்திவிட்டது. மறுநாள் வங்கி, பள்ளிக்கூடம், பங்குச்சந்தை எல்லாவற்றுக்கும் விடுமுறை. டாங்கிகளில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தது, ஜனங்கள் சிப்பாய்களுக்குப் பூ கொடுத்தார்கள். எனக்குக் கால் நடுங்கியது. அம்மாவோ பேரனை டாங்கி முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். ஆனால் திரும்பி வரும்போது வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. தக்சின் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர் அவர்.

அதைவிட என்னைப் பாதித்தது 2008. பிரதமர் சமக் சுந்தரவேத் டிவியில் சமையல் நிகழ்ச்சி நடத்தியவர். ‘ருசி பார்த்துக்கொண்டே புலம்புவது’ என்பதுபோல் அதற்குப் பெயர். அம்மா விடாமல் பார்ப்பார். பிரதமரான பிறகும் அந்த நிகழ்ச்சிக்குப் பணம் வாங்கினார், அதனால் அவர் ஒரு தனியார் நிறுவனத்தின் ஊழியர் ஆகிறார் என்று அரசியல் சாசன நீதிமன்றம் செப்டம்பர் 9 அன்று தீர்ப்புச் சொன்னது. ‘ஊழியர்’ என்றால் யார் என்று அகராதியைப் பார்த்து முடிவு செய்தார்கள். "சமைச்சதுக்கா?" என்று அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்து வந்த சோம்சாய் வோங்சவாத்தும் டிசம்பர் 2 அன்று அதே நீதிமன்றத்தின் தீர்ப்பால் போனார், கட்சியையே கலைத்துவிட்டார்கள். அப்புறம் 2014-இல் யிங்லக், 2024-இல் ஸ்ரேத்தா, 2025 ஆகஸ்டில் பேத்தோங்தான் என்று மூன்று பிரதமர்களும் அதே நீதிமன்றத்தின் தீர்ப்பால் போனார்கள். பதினேழு வருஷத்தில் ஐந்து பிரதமர்கள். டாங்கி வந்தால் தெருவில் தெரிகிறது, தீர்ப்பு வந்தால் தெரிவதில்லை. ஓட்டுப் போட்டவருக்கு இரண்டும் ஒரே வலிதான்.

*

நான் தெற்குத் தாய்லாந்தின் ஹாட்யாய் நகரில் வேலை பார்த்தேன். அங்கே முன்னாள் பிரதமர் பிரேம் தின்சூலானொந்தை ‘பா’ என்று, அப்பா முறை வைத்துத்தான் சொல்வார்கள். சோங்க்லாவில் அவர் பிறந்த வீட்டை நினைவில்லமாகத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். அவருடைய அப்பா அந்த ஊர்ச் சிறையின் அதிகாரி. சின்ன மரவீடு, பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். தேர்தலில் ஒருமுறைகூட நிற்காமல் 1980 முதல் 1988 வரை பிரதமராக இருந்தவர். 1981-இலும் 1985-இலும் ராணுவப் புரட்சி முயற்சிகளைத் தாண்டினார். 1988 தேர்தலுக்குப் பிறகும் கட்சிகள் கூப்பிட்டபோது, போதும் என்று மறுத்துவிட்டார். அங்கே நாற்காலியை விட்டுத் தானாக எழுந்தவர்கள் குறைவு. அதற்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை, ஓட்டில்லாமல் வந்தார் என்ற குறை இருந்தாலும்.

*

என்னுடையது ஒரு சாலைக் கதை. ஆறு வருஷம் பேங்காக்கில் பஹோன்யோதின் சாலையில் குடியிருந்தேன். தினமும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் டாக்சி பிடிப்பேன். அது ஒரு பிரதமரின் குடும்பப் பெயர் என்று தெரியவே தெரியாது. அலுவலகத்தில் ஒரு பெரியவர்தான் சொன்னார். 1932 ஜூன் 24 காலையில் அரச சதுக்கத்தில் நின்று, முடியாட்சியின் முழு அதிகாரம் முடிந்தது என்று அறிக்கை வாசித்த படை அதிகாரி பிரயா பஹோன். முதல் பிரதமர் பிரயா மனோபகோன். அடுத்தவர் இவர், 1933 முதல் 1938 வரை. அவரோடு சேர்ந்து புரட்சி செய்த பிரிதியும் பிபுனும் பின்னால் பிரதமர்கள் ஆனார்கள், ஒருவரையொருவர் எதிர்த்தார்கள், இருவருமே வெளிநாட்டில் செத்தார்கள். பிரிதி பாரிஸில், பிபுன் ஜப்பானில்.

அறிக்கை வாசித்த இடத்தில் தார்ச்சாலைக்குள் ஒரு பித்தளைத் தகடு பதித்திருந்தார்கள். பெரியவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். குனிந்து கையால் தூசி தட்டினார். கார்கள் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. 2017 ஏப்ரலில் அந்தத் தகடு காணாமல் போனது, அங்கே வேறொரு தகடு இருந்தது. அடுத்த வருஷம் டிசம்பரில், மன்னராட்சி ஆதரவாளர்கள் 1933-இல் செய்த கலகத்தை அரசு முறியடித்ததன் நினைவாக லக் சி ரவுண்டானாவில் இருந்த சின்னமும் ஒரே இரவில் போய்விட்டது. சாலையின் பெயர் மட்டும் இருக்கிறது. மறுநாள் பெரியவரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் அந்தத் தகட்டை எடுத்த பழைய படத்தைக் கைபேசியில் தேடிக்கொண்டிருந்தார்.