மறு: ‘தெர்வார்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு தோட்டத்தின் மண்ணும் சரிவும் தட்பவெப்பமும் சேர்ந்து அங்கே விளையும் ஒயினுக்குத் தரும் தனி இயல்பைத்தான் பிரெஞ்சில் ‘தெர்வார்’ என்கிறார்கள். இந்த இழையில் அதற்கு இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன: தெருவார், மண்வாசனை, நிலத்தன்மை, நிலப்பொழுது. ஒயின் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருப்பதால், நான்கையும் வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன். தோன்றியதைச் சொல்லிவிட்டு ஐந்தாவதாக ஒரு சொல்லை முன்வைக்கிறேன்.

ஒலிபெயர்ப்பை முதலில் முடித்துவிடலாம். பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது ஏறக்குறைய ‘தெர்வார்’. நாலு பேர் கை மாறினால் அது ‘தெருவார்’ ஆகிவிடும். படிப்பவருக்கு ஊரார், வீட்டார் போல, தெருவில் குடியிருப்பவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். வேண்டாம்.

> மண்வாசனை என்றே வைத்துக்கொள்ளலாமே? எல்லாருக்கும் புரியும், மனதுக்கும் நெருக்கமான சொல்.

ஐயா, நெருக்கமான சொல் என்பதில் மறுப்பே இல்லை. சிக்கல் பொருளில் இருக்கிறது. மழை விழுந்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனைக்கு முக்கியக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். அது ஒயினிலும் சில சமயம் வரும், ஆனால் மண்ணிலிருந்து அல்ல. அழுகிய திராட்சைக் குலையில் வளரும் பூஞ்சை உண்டாக்குவது அது. பீட்ரூட்டை நறுக்கும்போது வருமே, அந்த வாடை. ஒயின் செய்பவர்கள் அதைக் குறை என்றே ஒதுக்குகிறார்கள். ‘இந்த ஒயினில் மண்வாசனை தெரிகிறது’ என்று நாம் பாராட்டி எழுதினால், பழம் அழுகியிருந்தது என்று துறைக்காரர் புரிந்துகொள்ள இடமுண்டு.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றையும் அந்தச் சொல் மனதில் விதைத்துவிடும். மண்ணில் இருப்பது வேர் வழியே ஏறி அப்படியே கோப்பைக்கு வந்துவிடுகிறது என்ற எண்ணத்தைச் சொல்கிறேன். சுண்ணாம்பு நிலத்துக் கொடியின் ஒயினில் சுண்ணாம்பு ருசிப்பதில்லை. கொடி மண்ணிலிருந்து எடுப்பது நீரும் அதில் கரைந்த உப்புகளும்தான். சர்க்கரையும் அமிலமும் நிறமும் மணமும் கொடியே இலையிலும் பழத்திலும் உருவாக்குபவை. மண்ணின் பெரிய வேலை தண்ணீரை அளந்து கொடுப்பது. பிரான்சின் போர்தோ ஒயின் வட்டாரத்தில் ஜெரார் செகன் என்ற ஆய்வாளர் செய்த ஆய்வுகள் இதைத்தான் காட்டின. பேர்பெற்ற தோட்டங்களின் மண்கள் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தும், கொடிக்கு நீர் அளவோடு கிடைப்பதில் ஒத்துப்போயின.

பிரான்சின் இன்னொரு ஒயின் வட்டாரமான பர்கண்டியில் குளோ த வூஜோ என்று ஒரு தோட்டம். சிஸ்டர்சியன் துறவிகள் எழுப்பிய சுவருக்குள் ஏறக்குறைய 50 ஹெக்டேர், அங்கே விளைவது பினோ நுவார் என்ற திராட்சை ரகம். மேற்கே, பழைய மாளிகையை ஒட்டிய மேட்டில் மண் ஆழம் குறைவு. அடியில் சுண்ணாம்புப் பாறை, பெய்த மழை நிற்காமல் வடிந்துவிடும். கிழக்கே சாலையோரத் தாழ்வில் கனத்த களிமண், ஈரம் தங்கும். தண்ணீர் ஓயாமல் கிடைத்தால் கொடி இலையும் தளிருமாக ஓடும், பழம் ஊதும். நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. பழம் பருக்கப் பருக்கச் சாறு கூடி, தோலின் பங்கு குறைந்து, ஒயின் நீர்த்துப்போகும். மேட்டுக் கொடிக்கோ அளவான தாகம். அதன் பழம் சிறுத்து, ஒயின் செறிவாக வரும். ரகமும் ஒன்று, சுவரும் ஒன்று. இருந்தாலும் மேட்டு ஒயினுக்குத்தான் மதிப்பு அதிகம்.

சரி, அப்படியானால் ‘நிலத்தன்மை’ போதுமே என்று தோன்றும். மண்ணோடு விஷயம் முடிந்தால் போதும்தான். ஆனால் சிரா என்ற திராட்சை ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கின் வடபகுதியில் விளைந்தால் அதில் மிளகு மணக்கிறது. அதற்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள். மிளகுக்கு மிளகின் மணத்தைக் கொடுப்பதும் அதேதான். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் இதைக் கண்டறிந்து சொன்னார்கள். குளிர்ந்த இடத்தில் அது பழத்தில் கூடுதலாகச் சேர்கிறது. அதே ரகம் ஷிராஸ் என்ற பெயரில் ஆஸ்திரேலியாவின் வெயில் மிகுந்த பரோசா பள்ளத்தாக்கில் விளையும்போது, நன்றாகப் பழுத்த கறுப்புப் பழங்களின் மணமே முன்னால் நிற்கிறது. ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் ரீஸ்லிங் ரகம் வளரும் செங்குத்துச் சரிவுகளைப் பாருங்கள். வட அட்சம் 50 பாகையில், தெற்கு நோக்கிய சரிவும், பகல் சூட்டைப் பிடித்து வைக்கும் பலகைக்கல்லும் சேர்ந்துதான் அங்கே பழத்தைப் பழுக்க வைக்கின்றன. சரிவையும் திசையையும் இரவுக் குளிரையும் ‘நிலத்தன்மை’ சுமக்காது.

நிலப்பொழுதை முன்மொழிந்த அம்மையாருக்கு என் தனி நன்றி. அகத்திணையில் முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும்தானே! மண்ணையும் வானிலையையும் பிரிக்காமல் ஒன்றாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு எப்போதோ வந்துவிட்டது. பர்கண்டிக்காரர்களும் தங்கள் ஒவ்வொரு தோட்டத் துண்டையும் ‘கிளிமா’ என்கிறார்கள். தட்பவெப்பத்துக்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தான். 2015-இல் அந்தத் துண்டுகள் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் அந்தப் பெயரில்தான். இரண்டு நாள் நானும் நிலப்பொழுதோடுதான் இருந்தேன். ஆனால் வாய்விட்டுச் சொன்னால் நிலாப்பொழுது என்றே காதில் விழுகிறது. இன்னொன்று, பொழுது என்றதும் குறிப்பிட்ட ஓர் ஆண்டின் வெயிலும் மழையும் உள்ளே வந்துவிடும். 2003-இல் ஐரோப்பாவை வெப்ப அலை வறுத்தபோது பல தோட்டங்களில் வழக்கத்துக்கு முன்பே அறுவடை நடந்தது, அமிலம் குறைந்த ஒயின்கள் வந்தன. அது அந்த ஆண்டின் கதை, தோட்டத்தின் இயல்பு அல்ல. ஆண்டுதோறும் மாறுவதையும் மாறாமல் நிற்பதையும் ஒரே சொல்லில் அடைத்தால் பின்னால் திண்டாடுவோம்.

என் பரிந்துரை: இடவாகு.

உடல்வாகு என்கிறோம். எலும்பு, உயரம், பருமன் எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு அமைந்திருக்கும் அமைப்பு அது. வாகான இடம் என்றும் சொல்கிறோம், ஒரு காரியத்துக்குத் தோதாக அமைந்த இடம். இரண்டு பொருளும் இங்கே வேண்டியவை. முதலில் நிலவாகு என்றுதான் எழுதினேன். ‘நிலவு ஆகு’ என்று பிரிகிறது என்பதால் விட்டேன்.

மனிதர் பங்கு இதில் உண்டா என்று யாராவது கேட்பீர்கள். சர்வதேசத் திராட்சை, ஒயின் அமைப்பு 2010-இல் தந்த வரையறை, அந்த வட்டாரத்தாரின் கூட்டறிவையும் சாகுபடி முறைகளையும் சேர்த்துக்கொள்கிறது. வாகு அதற்கும் இடம் தரும். வேலையில் பழகிய கைக்கும் ஒரு வாகு உண்டல்லவா?

வாக்கியத்தில் உட்காருகிறதா பாருங்கள்:

‘கேபர்னே சோவினியோன் தாமதமாகப் பழுக்கும் ரகம். போர்தோவின் இடக்கரையில், நீர் வடிந்து சூடு ஏறும் சரளை நிலத்தின் இடவாகு அதற்குப் பொருந்துகிறது. வலக்கரையில் பொமரோலின் குளிர்ந்த களிமண் இடவாகில், முன்னதாகப் பழுக்கும் மெர்லோ சிறக்கிறது.’

எனக்கு உறுத்தவில்லை. ரகம் அப்படியே ரகமாக இருக்கட்டும், எல்லாருக்கும் தெரிந்த சொல்.

சொற்பட்டியலுக்கு இப்படி எழுதலாம்:

இடவாகு (பெயர்ச்சொல்): ஒரு தோட்டத்தின் மண், நீர் வடியும் விதம், சரிவு, திசை, உயரம், தட்பவெப்பம், அங்கே பழகிவந்த சாகுபடி முறை ஆகியவை சேர்ந்து விளைச்சலுக்குத் தரும் தனி இயல்பு.

அப்புறம், புட்டியில் போடும் விளைச்சல் ஆண்டுக்கு ‘பறிப்பாண்டு’ என்று ஒன்று மனதில் இருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

அன்புடன்